கற்பூரம் காட்டும்போது நின்றுபோன வண்டி

இந்தப் பயணம் 2009 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரணம் இரண்டு. என் தம்பி முரளி புதுக் கார் வாங்கியிருந்தான், அதற்குத் திருத்தணி மலையில் பூஜை போட வேண்டும். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் ஆர்.கே.பேட்டை, அங்கே மூன்று மணிக்கு அவனுக்குப் பெண் பார்க்க வேண்டும். ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை. போனது நான், முரளி, அம்மா, மூன்றே பேர்.

முரளிக்கு அப்போது முப்பத்திமூன்று. பார்த்த இடமெல்லாம் தட்டிக்கொண்டே போனது, தட்டிவிட்டது பெரும்பாலும் எங்கள் அம்மா. ஒரு வீட்டில் நாங்கள் உள்ளே கால் வைத்ததும் கரண்ட் போய்விட்டது, அந்தப் பெண் வேண்டாம். இன்னொரு வீட்டில் பூனை. பூனை என்ன செய்தது என்று கேட்காதீர்கள், எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். இந்த முறை பார்க்கப்போகிற பெண் கோமதி, அவள் போட்டோவை முரளி சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். என் போனில் ஒருநாள் பத்து நிமிடம் பேசியும் விட்டான். "இதுவும் போச்சுன்னா எனக்கு இனிமே பாக்காதீங்கக்கா" என்றான். சொல்லும்போது சிரிக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு அம்பத்தூரிலிருந்து கிளம்பினோம். ஆவடி, திருவள்ளூர் வழியாகத் திருத்தணி எழுபது கிலோமீட்டர், டிபனுக்கு நிறுத்தினால் இரண்டேகால் மணி நேரம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முடிந்துபோனதால் சாலை காலியாக இருந்தது. அம்மா பின் சீட்டில் ஏறியதும் தூங்கிவிட்டாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஏசி விஷயத்தை மனதில் வையுங்கள்.

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். அதன் விசேஷம் இதுதான்: சிக்னலில் நியூட்ரல் போட்டு கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இஞ்சின் தானாக நின்றுவிடும். கிளட்சை மிதித்தால் தானாகக் கிளம்பும். சாதாரண வண்டியில் இஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் என்று ஒரு மோட்டார், பேட்டரிக்குக் கரண்ட் ஏற்ற ஆல்டர்னேட்டர் என்று வேறொன்று. ஸ்டார்ட்டரின் பல் சக்கரம் இஞ்சினின் பல் சக்கரத்தில் போய்க் கடித்துச் சுற்றும், அந்தக் 'கிர்ர்' சத்தம் அதுதான். இந்த வண்டியில் இரண்டு வேலைக்கும் ஒரே ஆள். கரண்ட் கொடுத்தால் அது மோட்டாராகி பெல்ட்டை இழுத்து இஞ்சினைச் சுற்றும். இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே பெல்ட் இதைச் சுற்றும், இது கரண்ட் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்பும். எப்போதும் பெல்ட்டிலேயே பிணைந்திருப்பதால் பல் கடிக்கிற சத்தமும் கிடையாது, தேய்மானமும் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை முறை நின்று கிளம்பினாலும் தாங்கும். ஒரு வாரமாக இதை முரளி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அம்மாவிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வழியெல்லாம் ஏசி ஓடியதால் இஞ்சின் ஓரிடத்திலும் நிற்கவும் இல்லை.

அடிவாரத்தில் மாலை, எலுமிச்சம்பழம், இரண்டு முழம் மல்லி வாங்கினோம். மலைமேல் வரை கார் போகும். ஏற்றத்தில் இழுக்கட்டும் என்று முரளி ஏசியை அணைத்தான். ஆச்சு, வந்தது வினை.

தரிசனம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் பூஜை. குருக்கள் பொட்டு வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "வண்டிய லேசா முன்னாடி எடுத்து, பழத்துக்கிட்ட நிறுத்துங்கோ. தீபாராதனை ஆனதும் ஏத்திடலாம்" என்றார். முரளி நகர்த்தி நிறுத்தினான், நியூட்ரல் போட்டான். குருக்கள் கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் தூக்கினார். இஞ்சின் நின்றுவிட்டது.

"ஐயோ முருகா!" என்றாள் அம்மா. பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முரளி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து கிளட்சை மிதித்தான். சத்தமே இல்லை. மறுபடி மிதித்தான். அதற்கும் ஒன்றுமில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் ஆள் இறங்கிவிட்டான் என்று வண்டி நினைத்துக்கொள்ளும், பிறகு சாவியைத் திருப்பினால்தான் கிளம்பும். ஒரு வாரம் எனக்குப் பாடம் எடுத்த மகானுபாவன் அதை மறந்துபோய் மிதிமிதி என்று மிதிக்கிறான். நான் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பி எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்கியது. அதற்குள் அம்மா முகம் வெளுத்துவிட்டது.

"திருப்புடா. வூட்டுக்குப் போலாம். ஆர்.கே.பேட்டைக்கு போன் போட்டு வரலன்னு சொல்லிடு."

நான் பெல்ட், மோட்டார், பெட்ரோல் மிச்சம் என்று எல்லாம் எடுத்துச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"ஆங், புரியுது. நிக்கற வண்டிதான். வழியெல்லாம் நிக்காம வந்துது இல்ல? கற்பூரம் காட்டறப்ப ஏன் நின்னுச்சி, அத சொல்லு."

ஏசியை அணைத்ததால் என்று சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. முரளி ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவனைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு மருமகளே வேணாம்னு சொல்லிடேம்மா. கரண்ட், பூனை, இப்ப காரா?"

அம்மா அழுதுவிட்டாள். "எங்க கல்யாணத்தன்னிக்கு பொண்ணு மாப்பிள்ள வந்த வண்டி திருவாலங்காட்டாண்ட நின்னுச்சிடி. இன்னா பண்ணியும் கிளம்பல. தள்ளிகினே வந்தாங்க. உங்க நைனா நாப்பத்திரெண்டு வயசுல என்ன வுட்டுட்டுப் போய்ட்டாரு. நான் பட்டது எவளும் படக்கூடாதுன்னுதான் பாக்கறேன். எனுக்கு மட்டும் ஆசையில்லையா?"

இத்தனை வருடத்தில் அம்மா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. என் வாய்க்கொழுப்பை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அவளை முன் சீட்டில் உட்காரவைத்தேன். முரளி வண்டியை நகர்த்தி, நிறுத்தி, நியூட்ரல் போட்டான். இஞ்சின் நின்றது. அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கிளட்சை மிதித்தான். உடனே கிளம்பியது. மறுபடி நகர்த்தினான், நிறுத்தினான்.

"இன்னொருவாட்டி காட்டு" என்றாள் அம்மா.

வண்டி நிறுத்துமிடத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். தேங்காய் விற்கிறவர் எங்களுக்குப் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று நினைத்து இரண்டு முறை கைகாட்டி இடம் காண்பித்தார், பாவம். எத்தனையாவது சுற்றிலோ அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அன்னிக்கி நின்ன வண்டி எழுந்துக்கவே இல்ல. இது எழுந்துகுது. சரி, போலாம்."

ஆர்.கே.பேட்டைக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்கும், வழி கேட்கத் தேவையில்லை. கோமதியின் அப்பாவுக்கு நான்கு தறி. அவர் வாசலில் நிற்க, ஏசி போடாமலே வந்த எங்கள் வண்டி சரியாக அவர் முன்னால் போய் நின்று, இஞ்சினும் நின்றது.

"இன்னாங்க, வாசல்லயே ஆஃப் ஆயிடுச்சி?" அவர் முகம் சுருங்கியது.

அம்மா இறங்கினாள். "ஆஃப்லாம் இல்லீங்க. சும்மா ஓடி எண்ணெய கொட்டாம நின்னுகினு கீது. மிதிச்சா எழுந்துக்கும். ஒரே மோட்டார், அதுவே இழுக்கும், அதுவே கரண்டும் போடும். பெல்ட்டுங்க!" மலைமேல் நான் சொன்னதில் ஒரு சொல் விடவில்லை.

காபித் தட்டோடு வந்த கோமதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "பெல்ட்டா? இழுக்கறப்ப வழுக்காதுங்களா?" தறி மோட்டாரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் இல்லையா. தளராமல் இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த உருளை இருக்கிறது என்றேன். தலையாட்டினாள். "நான் நூல் ஏத்தற வண்டி ஓட்டுவேங்க. இத கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

அவள் அப்பா பல்லைக் கடித்தார். அம்மா அதற்குள் முன் சீட்டில் ஏறிவிட்டாள். கோமதி தட்டை எதிரில் நின்றவனிடம் நீட்டினாள், அது முரளி. வண்டி தெரு திரும்பி மறைந்தது. மாப்பிள்ளை காபித் தட்டோடு நடுத்தெருவில்.

அவர்கள் வரும்வரை உங்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் பூஜைக்கு முன் டாஷ்போர்டில் இருக்கிற பொத்தானை அழுத்தி இந்த வசதியை நிறுத்திவையுங்கள். பேட்டரி மாற்றும்போது இதற்கென்று வருகிற பேட்டரியைத்தான் போட வேண்டும், விலை கூட என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். கிருத்திகை நாட்களில் மலைக்கு வண்டி கொண்டுபோகாதீர்கள். மதியச் சாப்பாட்டை மலையிறங்கி ஊருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, புது வண்டியின் குணத்தை வீட்டில் எல்லோருக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். வண்டி நின்றது, இஞ்சின் நின்றது, இருவரும் இறங்கவில்லை. உள்ளே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அம்மா இறங்கி, "வசந்தி, அந்தப் பூவ எடுத்து பொண்ணுக்கு வைடி" என்றாள் என்னைப் பார்த்து. முரளி தட்டைக் கீழே வைக்க இடம் தெரியாமல் தடுமாறினான்.

நைனா போன பிறகு அம்மா எந்த நல்ல காரியத்திலும் கை வைக்க மாட்டாள். என்னை முன்னால் தள்ளிவிட்டு ஓரமாக நின்றுகொள்வாள். நான் பையிலிருந்து மல்லியை எடுத்துக்கொண்டு போனேன். கோமதி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள்.

"நீங்களே வையுங்க அத்தே."

அம்மா கோமதியின் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து பூவை வாங்கினாள். ஊக்கு இரண்டு முறை கீழே விழுந்தது, மூன்றாவது முறை பூவைச் செருகிவிட்டாள்.