இருபது விநாடியில் நீங்கிய தடை

சென்ற சனிக்கிழமை ஒரு சட்டத்தையே மாற்றிவிட்டேன். தெரியாமல்தான்!

அமெரிக்க எல்லைக்கு வடக்கே, ஸ்கார்பரோவின் உள்ளூர்த் தமிழ் வானொலி ஒன்றில் வார இறுதிகளில் காலைச் செய்தி வாசிக்கிறேன். அன்றைய கடைசிச் செய்தி அமெரிக்காவைப் பற்றியது. அரசு நிலங்களை நிலக்கரி தோண்டக் குத்தகைக்கு விடுவதற்கு முந்தைய அரசு கட்டுப்பாடு போட்டிருந்தது. அதைத் தூக்கிவிட அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸில் வாக்கெடுப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கைகாட்டினார் — இருபது விநாடிதான் மிச்சம். சுருக்கினேன். எப்படி?

"பொது நிலங்களில் கரிக்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்க உறுப்பினர்கள் வாக்களித்துள்ளார்கள். இன்று நல்ல வெயில்... பார்பிக்யூவுக்கு அருமையான நாள்!"

அமெரிக்கா எங்கே போனது? குத்தகை எங்கே போனது? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மதியம் போன் வந்தது. வோபர்ன் பகுதியில் எங்கள் பக்கத்துத் தெரு செல்வநாதன் அண்ணை.

"பிள்ளை, நீர்தானே கரி போடலாம் எண்டு சொன்னனீர்? இஞ்சை பார்க்கிலை ஒஃபிசர் வந்து நிக்கிறார். ஒருக்கா வாரும்!"

அன்று அவருடைய மகளைப் பார்க்க மிசிசாகா நகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள். முதல் சந்திப்பு. வீட்டில் பெயின்ட் வேலை நடந்ததால் பார்க்கில் ஏற்பாடு. என் செய்தியைக் கேட்டு, காஸ் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு பை கரியோடு போயிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது 'கரி அடுப்புக்கு அனுமதி இல்லை' என்ற போர்டுக்கு நேர் கீழே புகை. அண்ணையின் முகம் அந்தக் கரியை விடக் கறுத்திருந்தது. அவருடைய மகள் என்னைப் பார்த்த பார்வையில் எதுவாக இருந்தாலும் வெந்திருக்கும்.

அந்த அதிகாரியிடம் முழுச் செய்தியையும் போனில் காட்டி மன்னிப்புக் கேட்டேன். வாசித்தார். சிரிக்கவில்லை.

அண்ணை விடவில்லை. "அங்கை மலையளவு கரி தோண்ட விடப் போறாங்கள். நான் ரெண்டு கைப்பிடிதானே போட்டனான்? இதை அவருக்குச் சொல்லும்!"

ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அதை மாற்ற அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் வாக்களிக்க வேண்டும் மேடம்," என்றார் அதிகாரி. "இதை அணைக்க நான் ஒருவன் போதும்."

ஒரு வாளி தண்ணீர். புஸ்ஸ்ஸ்...

அரைவேக்காட்டு இறைச்சியையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மாப்பிள்ளையின் அம்மா எழுந்து தட்டைக் கையில் எடுத்தார்.

"கரி போனா என்னங்க, கறி இருக்குல்ல? உங்க வீட்டு அடுப்பு எரியும்தானே?"

"வீடு முழுக்க ஏணியும் பெயின்ட் வாளியும்..." என்று இழுத்தார் அண்ணை.

"எங்க வீட்டுக்கு நீங்க வந்தா இதவிட மோசமா இருக்கும். கிளம்புங்க!"

அந்த அம்மாவே சட்டியில் கிளறினார். ஏணியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். பார்க்கில் பாய் விரித்து எதிரெதிரே உட்கார்ந்தபோது வராத பேச்சு, அந்தச் சின்னச் சமையலறையில் முட்டிமோதியபடி நின்றபோது வந்தது. கல்யாணப் பேச்சும் அங்கேயே முடிந்தது.

ஒரு கட்டுப்பாட்டை நீக்க வாஷிங்டனில் எவ்வளவு பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்! ஸ்கார்பரோவில் அதை நீக்க எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. பொது நிலம் என்றால் அது யாருடைய நிலம் என்று இரண்டு இடத்திலும் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் ஒற்றுமை.

மறுநாள் வானொலியில் திருத்தம் வாசித்தேன். "அமெரிக்காவில்" என்று மூன்று தடவை அழுத்திச் சொன்னேன். முடித்த உடனேயே ஒரு நேயரின் அழைப்பு.

"அப்ப தங்கச்சி... எல்லை தாண்டிப் பஃபலோவுக்குக் கொண்டுபோய்ச் சுடலாமோ?"