'மீண்டும் வருக' இல்லாத பக்கங்கள்

எங்கள் ஊர் இணையத்தளத்துக்கு ஆட்களே வருவதில்லை என்று கனடாவிலிருந்து ஒருவர் வரைபடம் கீறி அனுப்பியிருந்தார். மாதக் கடைசியோடு தளத்தை மூடிவிட்டு முகநூலுக்கு மாறுவோம் என்று கீழே ஒரு வரி. வாசித்து முடிக்க எனக்குக் கோபம் உச்சிவரை ஏறிவிட்டது. எட்டு வருடமாக மானிப்பாயில் என் வீட்டு முன்னறையிலிருந்து அந்தத் தளத்தை நடத்துகிறவள் நான். கொடியேற்றம், பரீட்சை முடிவு, கலியாணம், மரண அறிவித்தல் எல்லாம் என் கையால் ஏறியவை. மூடுவதென்றால் என் வாயால் சரி என்று சொல்லவைத்துவிட்டு மூடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அனுப்பியவர் அங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். தளம் குடியிருக்கிற சேர்வர் கணினியைச் சங்கம்தான் எடுத்துத் தந்திருக்கிறது, ஆகவே மூடுகிற அதிகாரமும் அவர்களுக்குத்தான். நல்ல மனிசர், ஆனால் வரைபடம் என்றால் அவருக்கு வேதவாக்கு. அன்றைக்கே அழைப்பெடுத்தேன்.

"தங்கச்சி, கோவியாதையும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்ரண்டு பேர்தான் வருகினம். கணக்குச் சொல்லுது."

"அண்ணை, சேர்வர் பதிவிலை நூற்றுக்கணக்கிலை கிடக்குது."

"உதெல்லாம் மெசின். சனம் இல்லை."

அவர் சொன்னதில் பாதி உண்மை. சேர்வர் தன் படலை திறபடுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டுக்கொள்ளும். வந்தது விருந்தாளியா, பக்கத்து வளவு ஆடா என்று பார்க்காது. தேடுபொறிகள் அனுப்புகிற தானியங்கிகளும் அதில் ஆட்கள்போல நிற்கும். அவருடைய கணக்கு வேறு. போன வருடம் நாலு வரிக் கணினிக் குறியீடு ஒன்று அனுப்பித் தளத்தில் ஒட்டச் சொன்னார். அது பக்கத்தோடு சேர்ந்து வாசகரின் தொலைபேசிக்குப் போய், அங்கிருந்து 'ஓர் ஆள் வந்தது' என்று செய்தி அனுப்பும். சுத்தமான கணக்கு என்று அதற்குப் பெயர். வீட்டில் ஐந்து பேர் ஒரு தொலைபேசியைச் சுற்றி நின்று வாசித்தால் இரண்டு கணக்கிலும் ஒருவர்தான், அதைப் பற்றி மட்டும் ஒருவரும் கதைப்பதில்லை.

ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து சேர்வர் பதிவைப் புடைத்தேன். தானியங்கிகளை எறிந்தேன். ஒரே இடத்திலிருந்து ஒரு நாளில் பலமுறை வந்ததை ஒன்றாக்கினேன். கடைசியில் என்னையும் எறிந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாட்களில் நாற்பது தடவை என் தளத்தை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவ்வளவும் போன பிறகும் குவியல் பெரிதாகத்தான் கிடந்தது. அதில் முக்கால்வாசி மரண அறிவித்தல் பக்கங்கள்.

அந்தக் கிழமையே பின் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. பந்தலுக்குள் வந்து இருக்கிற ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருப்பவர், "எப்பிடி அறிஞ்சனீங்கள்?" என்று கேட்பது எங்கள் வழக்கம். நான் காதைத் தீட்டி வைத்திருந்தேன். "இன்ரநெற்றிலை, எங்கடை ஊர்த் தளத்திலை பாத்தனான்." "மகள் நெற்றிலை பாத்துச் சொன்னவள்." அரியாலையிலிருந்து பஸ் ஏறி வந்தவரும் அதைத்தான் சொன்னார். இதைவிட நல்ல கணக்கு எந்த மெசினிடம் இருக்கிறது?

வீட்டுக்கு வந்து செயலாளரின் கணக்கில் அந்த அறிவித்தலைத் தேடினேன். பூச்சியம். மற்ற மரண அறிவித்தல்களுக்கும் பூச்சியம். குறைவாக இருந்திருந்தால் நம்பியிருப்பேன். ஒருவர்கூட இல்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தளம் தொடங்கிய புதிதில், தகப்பனை இழந்த ஒரு பெண் தொலைபேசியில் எடுத்து அழுதார். "செத்தவீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கை ஆரும் 'போயிட்டு வாறன்' எண்டு சொல்லுறேல்லை. நீங்கள் அப்பாவின்ரை நோட்டீசுக்குக் கீழை 'மீண்டும் வருக' எண்டு போட்டிருக்கிறியள்." எல்லாப் பக்கத்துக்கும் அடியில் தானாக வருகிற பட்டியில் நான் எழுதிய வாசகம் அது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அன்றைக்கே மரண அறிவித்தல்களிலிருந்து அந்தப் பட்டியை முழுதாக எடுத்தேன். பல வருடம் கழித்து அண்ணையின் குறியீடு வந்தபோது, எல்லாப் பக்கத்திலும் வரட்டும் என்று அதே பட்டிக்குள்தான் ஒட்டியிருக்கிறேன். ஊர்ச்சனம் அதிகம் வருகிற பக்கங்களில் பட்டியும் இல்லை, எண்ணுகிறதற்கு ஆளும் இல்லை.

திரும்ப அழைப்பெடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப பிழை உம்மடைதானே?"

"ஓம், பிழை என்ரைதான். அதுக்காக வந்த சனம் வரேல்லை எண்டு ஆகாது."

"இனிக் குறியீட்டைப் போட்டாலும் போன வருசத்துக்கு அத்தாட்சி இல்லையே, தங்கச்சி. சங்கத்திலை நான் எதைக் காட்டுறது?"

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, இந்த வருசம் இங்கை காலமான உங்கடை சித்தப்பாவின்ரை கிரியை எத்தினை மணிக்கு எண்டு எப்பிடி அறிஞ்சனீங்கள்?"

"எங்கடை தளத்திலைதான்." குரல் இறங்கியது. "ஊருக்கு வர ஏலாமப் போச்சு. அந்தப் பக்கத்தைத்தான் திறந்து திறந்து பாத்துக்கொண்டிருந்தனான். அவரின்ரை படம் கிடந்ததெல்லே."

"அந்தப் பக்கத்துக்கு உங்கடை கணக்கு என்ன சொல்லுது? இப்ப பாருங்கோ."

அவர் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது.

"பூச்சியம்," என்றார்.

"அப்ப நீங்களும் சித்தப்பாவிட்டை வரேல்லை."

அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. சொன்னதற்காக நான் வருந்தவும் இல்லை. தளத்தை மூடுகிற கதை அத்தோடு நின்றது. இப்போது மரண அறிவித்தல்களிலும் குறியீடு இருக்கிறது, எண்ணட்டும். அந்த வாசகத்தை மட்டும் நான் திரும்பப் போடவில்லை. சங்கமே கூடித் தீர்மானம் போட்டாலும் போடமாட்டேன்.