செத்தவர் ஆடிய படம்

டிவியில் பாட்டும் சிரிப்புமாக ஒரு படத்தின் இரண்டாம் பாகம். "முதல் பாகத்துல செத்தவரு எப்படி வந்தாரு?" என்றாள் பேத்தி. நான் அன்னவாசல் டூரிங் டாக்கீஸ் மணலுக்கே போய்விட்டேன்.

மலேயா போன சித்தப்பாவிடமிருந்து இரண்டு வருசமாகக் கடுதாசி இல்லை. சித்தியும் என்னை எழுதச் சொல்வதை விட்டுவிட்டாள். ஒரு படத்தில் செத்துப்போன சிரிப்பு நடிகருக்காக மூன்று நாள் அழுதவள் அவள். அடுத்த படத்தில் அவரே ஆடிப் பாடி வந்ததும் எழுந்து நின்று, "பொழச்சுட்டீங்களா மகராசா!" என்று கத்தினாள்.

"ஒக்காரு ஆத்தா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து சத்தம்.

மறுநாள் சித்தப்பாவுக்குக் கடுதாசி எழுத என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். "செத்தவரே வந்துட்டாரு, இருக்கவரு வர மாட்டாரா? இதையும் சேத்து எழுதுடி."

பொங்கலுக்கு வந்து இறங்கிய சித்தப்பா, தலையிலிருந்த பெட்டியை இறக்காமலே சித்தியிடம் கேட்டார்: "யாரு புள்ள அந்த நடிகரு? அவருக்கு ஒரு கும்புடு போடணும்."