வர வேண்டாம் என்று வைத்த வெற்றிலை

இதைப் படிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் என் வணக்கம். நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். திண்டுக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ரசீது எழுதினேன். சரக்கோடு வரும் பழைய செய்தித்தாள்களைப் பிரித்துப் படித்தே எழுத்து நடையைக் கற்றுக்கொண்டேன். நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டும். சொல்லப்போகும் செய்தி முழுவதும் நடந்ததே.

என் ஒரே மகள் தனியார் மருத்துவமனையில் செவிலியர். உடன் பணிபுரியும் பையனை அவளே தேர்ந்தெடுத்தாள். இரு வீட்டாருக்கும் சம்மதம். பேச்சு முடிந்த மறுநாள் அவளே என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, மண்டபம் வேணாம், ஐயர் வேணாம். நம்ம வீட்லயே வச்சுக்கலாம். இருபத்தஞ்சு பேரு போதும். ஒரு நாள் சோத்துக்குக் கடன வாங்கிட்டு நான் மூணு வருசம் நைட் டூட்டி பாத்து அடைக்கணுமா?"

எனக்கு மனம் நிறைந்துபோனது. திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையை நானே அளந்து பார்த்தேன். இருபத்தைந்து பேர் இரு வரிசையாக அமரலாம். நாற்காலிகளைப் பக்கத்து டியூஷன் சென்டரில் கேட்டு வைத்தேன். மாலையைப் பூ மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்வது, சோறும் சாம்பாரும் கத்தரிக்காய் வெஞ்சனமும் பாயசமும் என் மனைவியும் சம்பந்தி அம்மாளும் சமைப்பது என்று முடிவாயிற்று. நல்ல நேரம் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. மந்திரத்துக்குப் பதிலாக மணமக்கள் சொல்ல வேண்டிய உறுதிமொழியை நானே எழுதினேன். ஐந்து மாலைப்பொழுதுகள் அதற்குச் செலவாயின. "ஒருவர் அறியாமல் மற்றவர் எதையும் முடிவு செய்வதில்லை" என்பது அதில் ஒரு வரி.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைக்காமல் விடுவது லேசான காரியமன்று. ஒரு தலைமுறை பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆகவே நான் ஒரு வழி யோசித்தேன். அழைக்க இயலாத வீடுகளுக்கு நேரில் போவது. வெற்றிலை பாக்கு, பழம் வைத்துச் செய்தியைச் சொல்வது. இடமும் வசதியும் இல்லை, தயவுசெய்து வர வேண்டாம், மனதால் வாழ்த்துங்கள் என்று கேட்டுக்கொள்வது. என் மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அழைக்கப் போறவகளப் பாத்திருக்கேன். வராதீகன்னு சொல்ல வெத்தல வைக்கிற ஆளு நீங்க ஒருத்தருதான்."

முப்பத்தொரு வீடுகள். இரண்டு வாரம் மொபெட்டிலும் பஸ்ஸிலும் அலைந்தேன். சேவுகம்பட்டியில் என் பெரியப்பா மகன் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, எலை போடாத கல்யாணத்துக்கு வெத்தல எதுக்கு?" என்று கேட்டார். பிறகு தாமே அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பிள்ள நல்லா இருக்கட்டும் அப்பு" என்றார்.

கடைசியாகப் பேகம்பூருக்குப் போனேன். அங்கே தோல் கிடங்கு வைத்திருக்கும் என் நண்பர் முப்பது ஆண்டுப் பழக்கம். என் மனைவி அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது பதினோரு நாள் கஞ்சியும் சோறும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தன. அவருக்கும் வர வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை. ஆனால் அவரை அழைத்தால் மற்ற முப்பது பேருக்கும் நான் சொன்னது பொய்யாகும். சொன்னேன்.

"ஏண்ணே, வராதீகன்னு சொல்லவா ஒரு சீப்புப் பழம்?" என்றார் அவர் மனைவி.

"நீ சும்மா இரு" என்றார் நண்பர். "பத்திரிகைய அடுத்தவன்கிட்ட குடுத்துவிடுறவன்தான் ஊரெல்லாம். இவன் கூப்பிடலைங்கிறத நேர்ல வந்து சொல்றான் பாரு. மாப்ள, அன்னிக்கு நாங்க வீட்டுலயே பாயசம் வச்சுக் குடிச்சுக்கிறோம். போ."

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு அவரிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, நாகல்நகர்ல நிக்கிறேன். நீயும் நிக்கிற."

"நான் வீட்ல இருக்கேன்ப்பா."

"மேல நிக்கிறய்யா. பதினஞ்சு அடிக்கு, கும்புட்டுக்கிட்டு." பிறகு, "கொடைரோடு மண்டபம்னு போட்டிருக்கு. அனைவரும் வருகன்னு போட்டிருக்கு. அனைவரும்னா யாரு மாப்ள?" என்றார். போனை வைத்துவிட்டார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிளெக்ஸ் பேனரில் என் மகளும் மருமகனும் இருந்தார்கள். கீழே நான் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் என்னைப்போல் இரு மடங்கு பெரிதாக என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, இருந்தார். "தாய்மாமன் சீர் ஊர்வலம்" என்று தனியாக ஒரு வரி இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்து நின்றேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் விடுப்பில் வந்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே இருவருக்கும் விளங்கிவிட்டது.

"தம்பி ஆசப்பட்டுச்சுங்க" என்றார் மனைவி. "ஒரே அக்கா மக. மண்டபச் செலவும் சாப்பாட்டுச் செலவும் என் சீருன்னு நின்னுச்சு. நம்ம காசு ஒண்ணும் இல்ல."

"எப்பலேர்ந்து?"

அவர் கீரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வீடு வீடாப் போக ஆரம்பிச்சீகளே, அந்த வாரந்தான்" என்றார்.

ஐயா, அம்மையீர், ஒவ்வொரு நாள் காலையிலும் என் பையில் வெற்றிலையையும் பழத்தையும் அடுக்கிக் கொடுத்தவர் அவர்தான். மண்டபம் பேசி முடித்த பிறகும் கொடுத்திருக்கிறார். சம்பந்தி வீட்டாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரியும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

மகளைப் பார்த்தேன். "நீதானம்மா வேணாம்னு சொன்ன."

"சொன்னேம்ப்பா. மாமா கேக்கவும் எனக்கும் ஆச வந்துருச்சு. கூட வேலை பாக்குறவங்கள்லாம் வரணும்னு தோணுச்சு. உங்ககிட்ட சொன்னா வேணாம்பீங்க. அதான் சொல்லல."

ஆசை வந்தது குற்றமில்லை. சொல்லியிருந்தால் நானும் மறுத்திருக்கமாட்டேன் என்றே இன்றுவரை எண்ணுகிறேன். அந்த முப்பத்தொரு வீடுகளையும் கூப்பிட்டிருப்பேன்.

சாயங்காலம் மைத்துனர் வந்தார். அவர்களை இப்போதாவது அழைக்க வேண்டும் என்றேன்.

"மச்சான், வேணாம்னு சொல்லிட்டு வந்தது நீங்க. மறுபடி அதே வீட்டுல போய் வெத்தல வச்சா நல்லாவா இருக்கும்? அதுபோக என் ஆளுகளே ஐநூறு பேரு. சமையக்காரர்கிட்ட எலை சொல்லியாச்சு. நீங்க அன்னிக்கு வாசல்ல நின்னு சிரிச்சாப் போதும்."

மறுநாள் காலையில் பையை நானே கட்டிக்கொண்டு கிளம்பினேன். மூன்று நாளில் பத்தொன்பது வீடுகளுக்குத்தான் போக முடிந்தது. சிலர் வெற்றிலையை வாங்கி ஓரமாக வைத்தார்கள். சிலர் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். சேவுகம்பட்டி அண்ணன், "எலை மிஞ்சிப்போச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

நண்பர் என்னை உட்காரவைத்தார். டீ வரவழைத்தார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னேன்.

"உன் வீட்டுக் கல்யாணம் உனக்குத் தெரியாதா? இத நான் நம்புனா நீ கூறுகெட்டவன். நம்பாட்டி நீ பொய்யன். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு மாப்ள."

என் மனைவியும் மகளும் என்னை ஏய்த்தார்கள் என்பதை அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்ல என்னால் ஆகவில்லை.

"டீய குடி. வெத்தலய எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

கல்யாணம் மேளதாளத்தோடு நடந்தது. நூற்றொரு தட்டுகள் ஊர்வலமாக வந்தன. நான் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று, நான் அழைக்காதவர்களை வரவேற்றேன். சட்டைப் பையில் அந்த உறுதிமொழி இருந்தது, யாரும் கேட்கவில்லை. முப்பத்தொரு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. பந்தி முடியும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் காலில் விழுந்து எழுந்து, "கோவமாப்பா?" என்றாள். நல்லா இரும்மா என்றேன். அதை முழு மனதோடுதான் சொன்னேன்.

எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, பேச்சும் நடக்கிறது. ஆனால் மனைவி எதையாவது கையில் கொடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டே வாங்குகிறேன். இதை அவரும் கவனித்திருக்கிறார். பேகம்பூர் பக்கம் நான் போவதில்லை. நண்பரைக் கடைவீதியில் கண்டால் அவர் தலையசைக்கிறார், நானும் அசைக்கிறேன்.

அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். நான் பொய் சொல்லவில்லை. கூறுகெட்டவனாக இருந்தேன். என் பெயரும் படமும் போட்டு அழைத்த அந்தக் கல்யாணத்தை, வெற்றிலை வைத்த நாளில் நான் அறியேன்.

என்றாவது நண்பர் கண்ணில் படும்வரை இந்த எழுத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.