நாற்பது நிமிடத் தூரம்

விமானத்தின் சக்கரம் தரையை விட்டதும் கைக்கடிகாரத்தின் பொத்தானை அமுக்குகிறார் பெட்டியக்கா. மடியில் ஐஸ் அடைத்த நீலப் பெட்டி. அதற்குள் சோதனைக்கு எடுத்த இரத்தம் அடைத்த சிறு குழாய்கள். சக்கரம் மறுபடி தரையில் முட்டும்போது கடிகாரம் நாற்பது நிமிடம் காட்டும். எதிர்க்காற்று என்றால் நாற்பத்திரண்டு. பதினோரு வருடமாக இதில் மாற்றமில்லை.

மருத்துவமனைக்காக அவர் போய்வரும் இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். மலையைச் சுற்றிப் போகும் சாலையில் ஏழு மணி நேரம். இங்குள்ள மருத்துவமனையில் சில வகைச் சோதனைகளுக்கு எடுக்கும் இரத்தத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அங்குள்ள ஆய்வகத்தில் சேர்த்தாக வேண்டும். தாண்டினால் கொட்ட வேண்டியதுதான்.

பயணச்சீட்டிலோ ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் என்று அச்சடித்திருக்கிறார்கள். முன்பு ஐம்பது நிமிடமாக இருந்தது. தாமதப் புகார்கள் பெருகியபோது நிறுவனம் விமானத்தைச் சரிசெய்யவில்லை, அச்சைச் சரிசெய்துகொண்டது. “நடுவுல தூரம் வளந்துருச்சாம். மழை பேஞ்சு முளைச்சிருக்கும் போல,” என்பார் பெட்டியக்கா.

அச்சை நம்பாதவர் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார். மருத்துவமனை ஓடுபாதையின் மதிலை ஒட்டியே இருக்கிறது. காலை விமானம் வானத்தில் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மொட்டை மாடியிலிருந்து நர்ஸுக்குக் குரல் கொடுப்பார்: “மூக்கு தெரியுதும்மா, ஊசியப் போடு.” வந்த விமானம் அரை மணியில் திரும்பிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை நானும் அவரோடு போனேன். எட்டு மணிக்கு எடுத்த இரத்தம். எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டோம், கதவைச் சாத்தவில்லை. வேறெங்கிருந்தோ வரும் பத்துப் பேருக்காகக் காத்திருக்கிறதாம்.

“கவலப்படாதீங்கக்கா, டைம் நிறைய இருக்கு,” என்றாள் பணிப்பெண்.

“உன் டிக்கெட்டுல இருக்கு தங்கம். என் குழாயில இல்லையே.”

அன்றைய குழாய் ஒரு ஆறு வயதுச் சிறுமியுடையது. நரம்பே சிக்காத கை. இதற்குமுன் இரண்டு முறை எடுத்த இரத்தமும் இப்படித் தாமதமாகித்தான் வீணானது. ‘இதான் கடைசி ஊசி’ என்று அக்காதான் சத்தியம் செய்து அந்தக் கையை நீட்ட வைத்திருந்தார்.

ஒன்பது பதினான்குக்குக் கிளம்பி ஒன்பது ஐம்பத்துநான்குக்கு இறங்கினோம். சீட்டில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதாக விமானி பெருமையோடு அறிவித்தார். “பரவாயில்லையே,” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கள மாதிரி நாலு பேரு போதும்ண்ணே, இவங்க பொழச்சுக்குவாங்க.”

நாங்கள் ஓட்டமும் நடையுமாக ஆய்வகம் சேர்ந்தபோது மணி பத்து இருபது. குழாயை வாங்க மறுத்துவிட்டார்கள். அக்கா அதே வேகத்தில் விமான நிலையத்துக்குத் திரும்பி விமான நிறுவனத்தின் மேலாளர் முன் நின்றார்.

மேலாளர் திரையைத் தட்டிப் பார்த்தார். “லேட்டே இல்லையேம்மா. ஒரு நிமிஷம் முன்னாடியில்ல வந்திருக்கு.”

“அந்தப் புள்ளைய நாலாவது தடவ குத்தணும் சார்.”

“புரியுதும்மா. ஆனா லேட்டுன்னு பதிவே ஆகலையே. நான் என்னன்னு எழுதுறது?”

பெட்டியக்கா கைப்பேசியில் ஓர் எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டினார்.

“அக்கா, மெஷின்ல வச்சுட்டாங்களா?” சிறுமியின் தாய்.

“இரும்மா, சார் சொல்வாரு.”

கைப்பேசியை மேசைக்குக் குறுக்கே நீட்டினார். மேலாளரின் கை எழவில்லை. நீட்டிய கையை அக்கா மடக்கவும் இல்லை.