மனைவி டாங்கோ கற்கப் போன வருஷம்

என் மனைவி எனக்கு மாமன் மகள். நகரியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே தெருவில்தான். சின்ன வயதிலிருந்தே அவளைத் தெரியும். என்ன கொடுத்தால் சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள், யாரிடம் எப்படிப் பேசுவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஜெர்மனியிலிருந்து போனில், "மாமா, நான் டாங்கோ கிளாஸ்ல சேந்துட்டேன்" என்று அவள் சொன்னபோது வேறு யாரோ அவள் குரலில் பேசுவது போலிருந்தது.

அவள் நர்ஸ். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் மொழி படித்தாள். பரீட்சையில் தேறியதும் ஹாம்பர்க் நகரத்தில் வேலை கிடைத்தது. முதலில் அவள் போவது, அங்கே கொஞ்சம் காலூன்றியதும் நான் போவது என்று பேசி வைத்திருந்தோம். நான் போவது தள்ளிக்கொண்டே போனது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

நான் நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலையில் திருப்பதியிலிருந்து கம்பெனி பஸ், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வருவது. காளஹஸ்தி தாண்டி ஏர்பேடு வரும் நேரத்தில் அங்கே அவளுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். கடைசி சீட்டில் உட்கார்ந்து அவளோடு பேசுவேன். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்தக் கடைசி சீட்டில்தான் நடந்துகொண்டிருந்தது.

"டாங்கோன்னா இன்னா?" என்று கேட்டேன்.

"டான்ஸ் மாமா. ரெண்டு பேரு சேந்து ஆடறது."

"உனக்கு எதுக்கு அது?"

அவள் டிபன் டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள்: "காலையிலேர்ந்து ஜெர்மன்லயே பேசிக்கினு இருக்கறேன். ஒவ்வொரு வார்த்தையும் மண்டையில தேடி எடுத்து பேசணும். சாயங்காலம் ஆனா தலை வலிக்குது. பேசாம மனுசங்களோட இருக்கற மாதிரி ஒரு எடம் வேணும்னு இருந்துது."

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவள் நிறைய அலைந்திருந்தாள். துணி துவைக்கப் போகும் கடையின் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து முதலில் ஒரு வகுப்புக்குப் போனாளாம். ஜோடியாக வந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடம் ஒரு மதுக்கடையின் பின்கட்டு. வருஷக்கணக்காக ஆடுகிறவர்கள்தான் அங்கே வருவார்கள். சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே அறைக்குத் திரும்பினாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் ஒருத்தி சொல்லி, சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் ஆரம்ப நிலை வகுப்பு கிடைத்தது. வியாழக்கிழமை சாயங்காலம். தனியாகவும் வரலாம்.

"மொத நாளு வெறும் நடக்கறதுதான் சொல்லிக் குடுத்தாங்க மாமா. நேரா நடக்கறது, நிக்கறது. அவ்ளோதான்."

"நடக்கறதுக்கு ஒரு கிளாஸா?"

அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அன்றைக்கு வீட்டுக்குப் போய் டாங்கோ என்று தேடி வீடியோ பார்க்கும் வரைக்கும்.

வீடியோவில் ஒரு ஆணும் பெண்ணும் மார்போடு மார்பாக நின்றார்கள். அவன் கை அவள் முதுகில். அவள் கண்ணை மூடி, நெற்றியை அவன் கன்னத்தில் சாய்த்திருந்தாள். பாட்டு முடியும் வரை கண்ணைத் திறக்கவே இல்லை. அடுத்த வீடியோவும் அப்படித்தான். சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்துபோனேன்.

அடுத்த வாரம் அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். வகுப்பில் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் அவள், சுடிதாரோடு, காலில் சாக்ஸ் மட்டும். பக்கத்தில் கண்ணாடி போட்ட உயரமான ஆள் ஒருவன். நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கை அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கிளாஸ்ல ஆம்பளைங்க எத்தினி பேரு?" என்று கேட்டேன், வானிலை விசாரிப்பது போல.

"கம்மிதான் மாமா. பொம்பளைங்கதான் ஜாஸ்தி. அதனால நான் இப்போ..."

"சரி, துன்னியா இன்னிக்கி? இன்னா துன்ன?" என்று பேச்சை மாற்றினேன். ஆண்கள் குறைவு என்றால் என்ன அர்த்தம்? இருக்கிற இரண்டு மூன்று பேர் எல்லாப் பெண்களோடும் மாறி மாறி ஆடுவார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு அவள் வகுப்பைப் பற்றி வாயெடுத்தாலே நான், டவர் இல்லை என்பேன். இல்லாவிட்டால் ஊர்க் கதை எதையாவது இழுப்பேன். மெல்ல மெல்ல அவளும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதும், சொல்லாமல் மறைக்கிறாளே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வியாழக்கிழமை வந்தாலே வேலை ஓடாது. மிஷின் முன்னால் நின்றுகொண்டு, கையிலிருக்கும் பாகத்தைப் பார்க்காமல் சைக்கிள் கடை மாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில், நானும் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அவள் லீவில் வரும்போது நான் ஆடிக் காட்ட வேண்டும். அந்தக் கண்ணாடிக்காரனைவிட நன்றாக ஆட வேண்டும். திருப்பதி ஏர் பைபாஸ் ரோட்டில் செல்போன் கடை ஒன்றின் மேலே டான்ஸ் ஸ்கூல் போர்டு பார்த்த ஞாபகம் இருந்தது. போனேன். மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், தெலுங்குக்காரர். பள்ளி ஆண்டு விழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் ஆடச் சொல்லித் தருகிறவர்.

"டாங்கோவா? அதி ராது சார். ஜூம்பா உந்தி, சல்சா உந்தி," என்றார். டாங்கோ அவருக்கே தெரியாதாம். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, அவருக்குத் தெரிந்த தமிழில், "வீடியோ பாத்து ரெண்டு பேரும் சேந்து நேர்ச்சுக்கலாம் சார். மேடம் கூட தீஸ்கொனி ரண்டி," என்றார்.

மேடத்தையும் அழைத்து வர வேண்டுமாம்.

"மேடம் ஊர்ல லேது," என்றேன்.

"பரவாலேது. நேனு மேடம்," என்றார் மாஸ்டர், கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்படியாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பிள்ளைகள் வகுப்புக்கு வருவதற்கு முன்னால், நானும் மாஸ்டரும் கண்ணாடிச் சுவருக்கு முன் டாங்கோ பழகினோம். போனைச் சன்னலில் சாய்த்து வைத்து, பார்த்து, நிறுத்தி, திரும்பப் பார்த்துப் பழகினோம். மாஸ்டர் பெண்ணாகவே ஆனார். பின்னால் கால் வைத்துப் போவது அவருக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை.

"சார், பட்டுகோக்கண்டி அலா," என்று ஒருநாள் கையை உதறிக்கொண்டார். "இப்டி புடிச்சா நான் எங்க போறது? தொங்கனி போலீஸ் பட்டுகுன்னட்டு பிடிக்கிறீங்க."

திருடனைப் போலீஸ் பிடிப்பது போல என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. கையைத் தளர்த்தினேன். அடுத்த பாட்டில் மறுபடி இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அவள் லீவில் வந்தாள். சென்னை விமான நிலையத்திலிருந்து நேராக நகரிக்கு. சொந்தக்காரர்கள், விருந்து, சாக்லேட் பங்கீடு எல்லாம் முடிந்து திருப்பதி வீட்டுக்கு நாங்கள் இருவர் மட்டுமாக வந்துசேர ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், வா என்று அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. போனில் டாங்கோ பாட்டைப் போட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தேன்.

அவள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மாமா! நீங்களா?"

"வா," என்று கை நீட்டினேன்.

அவள் வந்தாள். நான் அவள் முதுகில் வலது கையை வைக்கப் போனேன். அதே நேரம் அவள் வலது கை என் முதுகைத் தேடி வந்தது. இரண்டு கையும் நடுவில் முட்டிக்கொண்டன. ஒருவழியாகச் சரிசெய்துகொண்டு இடது காலை முன்னால் எடுத்து வைத்தேன். அவளும் இடது காலை முன்னால் வைத்தாள். அவள் முட்டி என் முழங்காலில் இடித்ததில் வலி உயிர் போனது.

"நீ ஏன் முன்னால வர்ற?" என்றேன்.

"நீங்க ஏன் வர்றீங்க?"

"நான்தானே ஆம்பளை."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு பொம்பளை ஸ்டெப்பு தெரியாது மாமா. நாங்க பொம்பளைங்க ஜாஸ்தின்னு அந்த டீச்சரம்மா என்னை ஆம்பளைங்க வரிசையில நிக்க வெச்சிட்டாங்க. மொத மாசத்துலேர்ந்து நான் கூட்டிக்கினு போறதுதான். சொல்ல வந்தேனே, நீங்க எங்க கேட்டீங்க?"

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்த படம் ஒன்றுமே நடக்கவில்லை. கண்ணாடிக்காரன் அவளைத் தொட்டதுகூட இல்லை. அவனும் அவளும் ஒரே வரிசை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, அவள் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டும் வரைக்கும்.

அதில் நரைத்த தலையோடு ஒரு ஜெர்மன்காரம்மா, கண்ணை மூடி என் மனைவியின் தோளில் சாய்ந்திருந்தார். என் மனைவி அவரை அத்தனை கூட்டத்தில் யார்மேலும் இடிக்காமல் நடத்திப் போனாள். பார்வை நேராக முன்னால், தோள் நிமிர்ந்து, உதட்டில் ஒரு சின்ன இறுக்கம். எங்கே போவது, எப்போது நிற்பது என்று முடிவெடுக்கிறவளின் முகம். சின்ன வயதிலிருந்து பார்க்கிற அந்த முகத்தில் இதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. யாரென்றே தெரியாத ஒரு அம்மாள் வாராவாரம் அதை நம்பிக் கண்ணை மூடிச் சாய்கிறார். அந்த அம்மாள் மேல் எனக்கு வந்த பொறாமை, கண்ணாடிக்காரன் மேல் வந்ததைவிடப் பெரியது.

"என்னையும் அப்பிடி கூட்டிக்கினு போ," என்றேன்.

"நீங்க பின்னால நடக்கணும். கண்ண மூடணும்."

மூடினேன். அவள் கை என் முதுகில் இருந்தது, அழுத்தமே இல்லாமல். ஒரு காலைப் பின்னால் வைத்தேன். கொடிக் கம்பி இடிக்கும், தொட்டி இடிக்கும் என்று உடனே கண்ணைத் திறந்தேன். "மூடுங்க" என்றாள். மறுபடி மூடினேன். மறுபடி திறந்தேன். மாஸ்டர் இதை எப்படி இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டார் என்று வியப்பாக இருந்தது.

அப்போது துணி காயப்போட மேலே வந்த கீழ்வீட்டு ஆன்ட்டி வாளியோடு நின்றுவிட்டார். "ஏமம்மா, சாருக்கு ஒண்ட்லோ பாகலேதா?"

அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். "அவுனு ஆன்ட்டி. நடுமு நொப்பி," என்றாள் என் மனைவி, ஒரு நர்ஸின் முகத்தோடு. இடுப்பு வலி. ஆன்ட்டி பாவம் என்று தலையாட்டிவிட்டுத் துணி காயப்போடத் தொடங்கினார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் போகும் வரை வைத்தியம் பார்த்தோம்.

லீவு முடிவதற்கு முந்தின நாள் பெட்டி அடுக்கும்போது அவள் கேட்டாள்: "உங்களுக்கு புடிக்கலன்னா கிளாஸ் வேணாமா மாமா?"

ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. "போ," என்றேன்.

"நீங்க வேணாம்னு சொன்னாலும் போயிருப்பேன். சும்மா கேட்டேன்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விமான நிலையம் போகும் வழியெல்லாம் சரியாகப் பேசவில்லை. புத்தூரில் டிபனுக்கு வண்டியை நிறுத்தியபோது அவள் தன் தட்டிலிருந்த வடையை என் தட்டில் வைத்தாள். தின்றேன். அதுதான் சமாதானம்.

அவள் போய் இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நான் விட்டுவிட்டேன். மாஸ்டர் வழியில் பார்த்தால், "மேடம் எலா உன்னாரு?" என்று விசாரிப்பார். போன வாரம் பஸ்ஸில் வரும்போது அவள் சொன்னாள், வகுப்புக்குப் புதிதாக ஒரு கேரளத்து நர்ஸ் வந்தாளாம். முதல் பாட்டு பாதியிலேயே அந்தப் பெண் இவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாளாம். பாட்டு முடியும் வரை இவள் நிறுத்தாமல் அவளை நடத்திக்கொண்டே இருந்தாளாம்.

எப்போதும் போலப் பேச்சை மாற்ற நினைத்தேன். பிறகு, "எனக்கு பொறாமையா கீது," என்று சொல்லிவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு மட்டும் இல்லியா மாமா?" என்றாள். "நீங்க காலையில கடைக்கி போயி பால் வாங்கறீங்க. கடைக்காரன்கிட்ட நின்னு வம்பு பேசிட்டு வர்றீங்க. ஒரு வார்த்தையும் யோசிக்க வேணாம். ஞாயித்துக்கெழமை நகரிக்கி போயி அத்தை கையால துன்னுட்டு வர்றீங்க. இங்க ஒக்காந்துக்கினு அதெல்லாம் நெனச்சா எனக்கு வயிறு எரியுது. நான் என்னிக்காவது சொன்னேனா?"

அவளுக்கு வேலை மணி ஆகிவிட்டது. பஸ் ரேணிகுண்டா வரும் வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன், அவள் வைத்த பிறகும்.