எட்டாம் வசனத்தோடு நிறுத்த நினைத்தவள்

காப்பிக் களத்தில் சாக்கு வாய் தைக்கும் சபுராவுக்கு அன்று கோணி ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது. மாலையில் ஏற்காட்டுப் பெண்களுக்குக் குர்ஆனின் ளுஹா சூராவின் பொருள் சொல்ல வேண்டும். பதினோரு வசனத்தில் எட்டோடு நிறுத்திவிடலாமா என்று காலையிலிருந்தே மனம் அலைந்தது. அகராதியை வைத்துக்கொண்டு தானே பொருள் கற்றவள். எந்தப் பாடத்தையும் பாதியில் விட்டவளல்ல.

காரணம் ஷிஃபானா. இறந்துபோன அண்ணனின் மகள், பதினாலு வயது. போன மாதம் தாயும் போய்விட்டாள். "குப்பி, உங்க ஊட்டுலயே இருந்துக்கட்டுங்களா?" என்று முந்தின நாள் சேலத்திலிருந்து போனில் அத்தையைக் கேட்டாள்.

"அதெல்லாம் ஆகாது, போனை வையி!" என்று சபுரா கத்திவிட்டாள்.

சோற்றுக்குப் பஞ்சமில்லை. பயம் வேறு. சபுராவும் தாய் தகப்பன் இல்லாமல் நாகலூரில் சின்னம்மா வீட்டில் வளர்ந்தவள்தான். கோபம் வந்தால் சின்னம்மாவின் ஏச்சு அப்படியே தன் வாயில் வருகிறது. அந்த வாய்க்கு முன்னால் ஒரு பிள்ளையா?

மாலையில், நபியை யதீமாக, அனாதையாகக் கண்டு இறைவன் அடைக்கலம் தந்ததை, வழி காட்டியதை, இல்லாமையைத் தீர்த்ததைச் சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சட்டென்று கிதாபை மூடினாள்.

"ஏனுங்க, அடுப்புல பால் பொங்குதா?" என்று சிரித்தாள் பேக்கரிக்கார மெஹருன்னிசா. "அடுத்ததுலயும் அதே யதீம்தான வருது? எதுக்குங்க ரெண்டு தரம்?"

சபுரா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"சாக்குத் தையல் மாதிரிங்க. மேல யதீமுக்கு எடம் கெடச்சுது. கீழ, யதீமை ஒடுக்காதேங்குது. மேல இல்லாதவருக்குக் கெடச்சுது. கீழ, கேட்டு வந்தவங்கள..."

"வெரட்டாதேங்குது," என்று மெஹருன்னிசா முடித்தாள். "அப்ப மேல உள்ளதை மட்டும் எடுத்துக்கிட்டா?"

"சாக்கு வாய் பொளந்து கொட்டிப்போயிருமுங்க."

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபடியே சபுரா ஷிஃபானாவுக்குப் போன் போட்டாள்.

"நான் கத்துவேன் கண்ணு. நொம்பக் கத்துவேன். கத்துனா அந்த வசனத்தை என் மூஞ்சிக்கு நேரா ஓது. தெரியுமில்ல?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஒம்பதாவதுங்களா குப்பி?"

"பத்தையும் சேர்த்து ஓது. துணிமணி எடுத்து வை, நான் பஸ் ஏறிட்டேன்."

பஸ் இன்னும் வரவேயில்லை. உட்கார மனமில்லாமல் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள்.